எழுதுவதற்கு எளிதான பையன்

பதினொரு வருடம் மூன்று வயதுப் பிள்ளைகளோடு மாரடித்தவளுக்கு இனிமேல் யார் வந்து என்ன கற்றுக்கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற திமிரோடுதான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். ஐந்து சனிக்கிழமைகள். எங்கள் பிளே ஸ்கூலை நடத்தும் மேடம் வாட்ஸ்அப் குழுவில், கண்டிப்பாகப் போக வேண்டும், போனதற்கு போட்டோ அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தார். சனிக்கிழமை நான் துணி துவைக்கிற நாள். அந்தக் கடுப்பு வேறு.

காந்திபுரம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். ரச வாசனை போகாத மேசைகளின் மேல் சார்ட் பேப்பர் விரித்து, சுற்றி நாற்பது டீச்சர்கள். பயிற்சி கொடுக்க சென்னையிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். வந்ததும் எல்லோரையும் மரமாக நிற்கச் சொன்னாள். நின்றோம். காற்றடிக்கிறது என்றாள். ஆடினோம். அன்னூர்க்கார டீச்சர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு மரம் சாஞ்சுபோச்சுங்க மேடம்" என்று நான் கத்த, கூடமே சிரித்தது. பிள்ளைகள் எதையெல்லாம் செய்தால் அதட்டுவோமோ அதையெல்லாம் அன்று நாங்கள் செய்தோம். குசுகுசுவென்று பேசினோம், ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை போட்டோம், ஒரு விரலைக் காட்டிவிட்டு வெளியே போய் டீ குடித்தோம்.

இரண்டாவது சனிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தாள். வகுப்பில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தினமும் பத்து நிமிடம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது. பார்த்ததை எழுத வேண்டும்.

"சுட்டின்னு எழுதாதீங்க, அடம் பிடிக்கிறான்னு எழுதாதீங்க. அதெல்லாம் நீங்க நினைக்கிறது. கண்ணால பார்த்தது மட்டும் போதும்" என்றாள்.

என் வகுப்பில் இருபத்திரண்டு உருப்படிகள். ஒருத்தி வாயை மூடவே மாட்டாள், அவளை எழுதினால் கை போய்விடும். ஒருவன் ஜன்னல் கம்பியிலேயே குடியிருப்பவன். யோசித்துப் பார்த்து, செருப்பு அலமாரிக்குப் பக்கத்து மூலையில் சின்னப் பாயில் உட்கார்ந்திருக்கும் பையனைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் வேறொன்றுமில்லை. அவன் எதுவும் செய்யமாட்டான். எழுத வேலை இருக்காது.

தீபாவளி கழிந்து சேர்ந்தவன் அவன். அம்மா மோட்டார் பம்ப் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவர். காலையில் அவரே கொண்டுவந்து விடுவார். இவன் நேராகப் போய் அந்தப் பாயில் உட்காருவான். ஆயாம்மா கையைப் பிடித்துக் கூப்பிட்டால் சாப்பிடவும் பாத்ரூமுக்கும் எழுந்து போவான், திரும்பி வந்து அங்கேயே உட்காருவான். எல்.கே.ஜி.க்கு யார் யார் போகலாம் என்ற படிவத்தில் அவனைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன்: பிற குழந்தைகளோடு சேர்வதில்லை, எதிலும் பங்கெடுப்பதில்லை, இன்னும் ஒரு வருடம் ப்ரீ கே.ஜி.யிலேயே இருப்பது நல்லது. படிவம் மேடம் மேசையில் இருந்தது. மாதக் கடைசியில் முடிவாகிவிடும். அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும் மிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

முதல் நாள் "உட்கார்ந்திருக்கிறான்" என்று எழுதினேன். மீதி ஒன்பதரை நிமிடமும் ராத்திரிக்குத் தக்காளிச் சட்னியா கொத்தமல்லிச் சட்னியா என்று யோசித்தேன். இரண்டாம் நாள் சட்னி யோசனையும் தீர்ந்துபோனதால் அவனைப் பார்க்க வேண்டியதாயிற்று. மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கையை ஆட்டும்போது, இவன் உதடும் அசைந்தது. முழங்காலுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் இவன் கையும் ஆடியது. மூன்றாம் நாள் பந்து ஒன்று அவன் பக்கம் உருண்டு வந்து எட்டாத தூரத்தில் நின்றது. இடது கையால் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்து, காலை நீட்டி, கட்டைவிரலால் பந்தைத் தள்ளிவிட்டான். நான்காம் நாள் அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குத் தன் பிஸ்கட்டைத் தரையோடு சறுக்கிவிட்டான். ஐந்தாம் நாள்தான் உச்சம். பாயில் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து, பாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கட்டைகள் இருந்த இடம் வரை போனான். இரண்டு கட்டையை எடுத்தான். அதே மாதிரி ரிவர்ஸில் மூலைக்கு வந்துவிட்டான். சத்தம் வராமல் சிரிக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் நடித்தே காட்டினேன். ரிவர்ஸ் எடுத்ததற்குக் கைத்தட்டல் கிடைத்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கேட்டாள், "அஞ்சு நாளும் அவன் பாயை விட்டு இறங்கவே இல்லையே, ஏன் மிஸ்?"

"அவனுக்கு அந்த எடம் புடிச்சுப்போச்சுங்க."

"அது நீங்க பார்த்ததா, நினைச்சதா?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது பேர் முன்னால் இந்தப் பொடிசு என்னைக் கேள்வி கேட்கிறதா? சிங்காநல்லூர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளை மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் பாய்க்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏஞ்சாமி, எல்லாரும் அங்க வெளையாடறாங்கல்ல, நீ ஏன் எந்திரிச்சுப் போறதில்ல?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தான். "நீங்க இன்னும் எந்திரின்னு சொல்லலீங் மிஸ்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் சேர்ந்த முதல் நாள், அழுதுகொண்டு நாலு தடவை வாசல் கேட்டுக்கு ஓடினான். ஐந்தாவது தடவை தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பாயில் உட்காரவைத்து, "மிஸ் வந்து எந்திரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது" என்று விரலை ஆட்டினேன். அதற்குள் இன்னொரு பிள்ளை வாந்தி எடுத்தது, நான் அங்கே ஓடினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொல்லவே இல்லை.

"எந்திரி கண்ணு. போய் வெளையாடு."

எழுந்து நின்றான். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினான். "நாளைக்கும் வெளையாடலாங்களா மிஸ்?"

விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரே வாரத்தில் பயல் அலமாரிமேல் ஏறினான், மற்றவர்களின் செருப்பில் தண்ணீர் ஊற்றினான், ஒருவனைக் கடித்தும் வைத்தான். "தேமேன்னு இருந்த பையனக் கெடுத்துப்போட்டீங்களே மிஸ்" என்று ஆயாம்மா என்மேல் பாய்ந்தார். நான் மேடத்திடம் படிவத்தைத் திரும்ப வாங்கினேன். எனக்குள் ஒரு திருட்டுப் புத்தி ஓடியது. "ஆசிரியரின் தனிக் கவனத்தால் நல்ல முன்னேற்றம்" என்று எழுதினால் கதை முடிந்தது, பாராட்டும் கிடைக்கும். அந்த வரியைப் பென்சிலால் எழுதியும் பார்த்தேன். இரண்டு நாள் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்து, பிறகு அழித்துவிட்டு, எல்.கே.ஜி.க்குப் போகலாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் அம்மா வந்ததும், "தப்பு என்மேலதானுங்க" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னேன். எல்.கே.ஜி.க்கு அவன் போகலாம் என்றும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார், இல்லையென்றால் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"நான் அவன அடிச்சுப்போட்டேனுங்களே மிஸ்" என்றார். "நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம், தெனமும். போய் எல்லாத்தோடயும் சேந்து வெளையாடுடா, வெளையாடுடான்னு சொல்லிச் சொல்லியே அடிச்சனுங்க. அவன் ஒண்ணுமே சொல்லலீங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முற்றத்துச் சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து, "கண்ணு, வா, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டார்.

"வரமாட்டேன்."

"பஸ்ஸு போயிரும் சாமி, எறங்கு."

"வரமாட்டேன் போ!"

நான் அதட்ட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருக்கட்டுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர்கள் ஊர் பஸ் இரண்டு போய்விட்டது.