பழைய ஆக்சிலில் புது எண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கூலாயில் என் கடை முற்றத்தில் லாரியிலிருந்து பழைய இன்ஜின்களை இறக்கிக்கொண்டிருந்தோம். தனலட்சுமி அக்காவின் தம்பி குமார் போன் செய்தான். "அண்ணே, அக்கா காலையில தவறிட்டாங்க. ஆஸ்பத்திரியிலதான். நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம்" என்றான். சரி என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இன்ஜின்களையும் இறக்கி முடித்தேன். லாரி போன பிறகுதான் உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் தனலட்சுமி அக்காவோடு செனாய் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். தரப் பரிசோதனைப் பிரிவில் நகக்கண் அளவு திருகாணிகளைப் பார்த்து, "இது ஆகாது" என்று ஒதுக்கிவைப்பது அவர் வேலை. மீதிப் பேர் அவரோடு செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் ஆற்றிலும் வண்டி ஓட்டியவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. நான் அவருக்குப் பொருள் விற்றவன். பழைய வண்டிகளை அறுத்துப் பாகம் பாகமாக விற்கிற கடை என்னுடையது. பொத்தோங் கடை என்பார்கள். அக்கா என்னைவிட மூன்று வயது சிறியவர். ஆனாலும் முதல் நாளே வாயில் அக்கா என்று வந்துவிட்டது, அவரும் அண்ணே என்றார். கடைசிவரை இருவரும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

உலு திராமில் தம்பி குமாரோடு சேர்ந்து, பழைய நாலு சக்கர இழுவை லாரி ஒன்றைக் காட்டுப் பாதைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கனமான ஆக்சில் இரண்டு தேவைப்பட்டன, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆக்சில் என்பது இரண்டு பக்கத்துச் சக்கரத்தையும் இணைக்கிற, நடுவில் பானை மாதிரி வீங்கிய இரும்புக் கட்டை. பானைக்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நல்ல ஆக்சில்தான். அதனால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அக்கா வெளியிலிருந்து பார்க்கிற ஆள் இல்லை. முதல் நாள் பையிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்தார். சேற்றில் முழங்கால் போட்டு, ஆக்சிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துப் பிடித்து, கட்டை வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கடையில் நின்ற ஒருவன், "அக்கா, கோலம் போடுறீங்களா?" என்று கேட்டான். அவர் தலையைத் தூக்கவில்லை. "கோலம் கோணினா அழிச்சுட்டுப் போடலாம் தம்பி" என்றார். அன்று மூன்று ஆக்சில் பார்த்தார். மூன்றும் வேண்டாம் என்றார். நான் வாங்கிக் கொடுத்த பாலில்லாத் தேநீரான தே ஓவை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் பிடிப்பார். விரலால் தேய்ப்பார், முகர்வார், காந்தத்தை விட்டுத் துழாவுவார். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். சின்னத் துண்டு ஒன்று ஒட்டினாலும் எழுந்துவிடுவார். "தூள் இருந்தா வயசுண்ணே. துண்டு இருந்தா வியாதி" என்பார். அவர் வருகிற நாளில் மற்ற வாடிக்கையாளர்களும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிறு கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இனி, என் மானம் போன கதை. இதை எழுதாமல் விட்டால் நான் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. வெள்ளத்தில் மூழ்கிய லாரி ஒன்று வந்தது. அதன் ஆக்சிலுக்குள் தண்ணீர் போய், எண்ணெய் பால் கலந்த தே தாரேக் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை வடித்துக் கொட்டிவிட்டு, நல்ல எண்ணெய் ஊற்றி, வெளியே கழுவி, அக்கா கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். அவர் வந்தார், வளைவு பார்த்தார், தட்டில் எண்ணெயைப் பிடித்தார். தேன் மாதிரி இறங்கியது. காந்தத்தில் ஒன்றும் இல்லை. நான் பெருமையாக நின்றேன். அவர் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய ஆக்சில்ல புது எண்ணெய் எதுக்குண்ணே?"

"சுத்தமா இருக்கட்டும்னு மாத்துனேன்லா."

"சரி. பழைய எண்ணெய எங்க ஊத்துனீங்க? அதக் காட்டுங்க."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேணும்னா எடுங்க, வேணாம்னா போங்க" என்று கத்தினேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். நான் கத்தியே காட்டிக்கொடுத்துவிட்டேன். அவர் தட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் வந்தீர்கள் என்றே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு ஒளிக்கத் தெரியலண்ணே. நல்லா ஒளிக்கத் தெரிஞ்சவன்கிட்ட போனா, என் தம்பி ஆத்துக்கு நடுவுல நிப்பான்" என்றார். கேலியா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த வாரம் உள்ளே போய் இன்னொரு ஆக்சிலைக் காட்டினேன். எண்ணெயில் நான் கை வைக்காதது, கறுத்துக் கிடந்தது. அதைத்தான் எடுத்துப் பின்னுக்கு மாட்டினார். முன்னுக்கு ஒன்று சில மாதம் கழித்துக் கிடைத்தது. வண்டி ஓடியது. உங்களில் பலர் அதில் ஏறியிருக்கிறீர்கள்.

போன வருடம் ஆற்றுப் பாறையில் மோதி முன் ஆக்சில் விரிசல் விட்டது. அதே சமயத்தில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, முன் ஆக்சில் ஒண்ணு பாத்து குமார்கிட்ட குடுத்து விடுங்க."

"நீங்க பாக்காமயா?"

"நீங்க பாருங்க. நான் இல்லாட்டியும் அவன் அந்த வண்டிய ஓட்டுவான்."

கடைக்கு வந்த ஆக்சில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழு நாளும் அதோடு உட்கார்ந்தேன். நரம்பு இழுத்தேன், எண்ணெய் பிடித்தேன், காந்தம் விட்டேன். கடைசியாகச் சுற்று எண்ண வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு அது. முன்னும் பின்னும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஏதாவது ஒன்று உடையும். எண்ணினேன், சரியாக இருந்தது. குமார் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் ஆயர் ஈத்தாமுக்கு ஒரு வண்டி பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் திடீரென்று நினைவுக்கு வந்தது. எண்ணும்போது ஒரு பக்கத்தை அசையாமல் கட்டிவிட்டு, மறு பக்கத்தைத்தான் சுற்ற வேண்டும். கட்டாவிட்டால் அது தன்பாட்டுக்குச் சுற்றிக் கணக்கைக் கெடுத்துவிடும். நான் கட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன். கணக்கு எப்படியும் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நல்ல காரணம்கூடக் கிடைத்தது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"அக்கா, அந்த ஆக்சில மாட்ட வேணாம்னு குமார்கிட்ட சொல்லுங்க. எண்ணும்போது ஒரு பக்கத்தக் கட்ட மறந்துட்டேன். கணக்கு சரியான்னு எனக்குத் தெரியல."

திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அலமாக்! முப்பது வருசமா கடை வச்சிருக்கீங்களேண்ணே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பரவால்ல. இனிமே நான் வந்து பாக்க வேண்டியதில்ல."

"இல்லக்கா, நீங்க வரணும்" என்றேன்.

"பாப்போம்" என்றார்.

குமார் ஆக்சிலைத் திருப்பிக் கொண்டுவந்தான். இருவரும் சேர்ந்து கட்டிவைத்து எண்ணினோம். கணக்கு ஒத்துவரவில்லை. ஆயர் ஈத்தாமில் இன்னொரு கடையில் வேறொன்று தேடிப் பிடித்தோம். அதை நான் இரண்டு தடவை எண்ணினேன், குமார் ஒரு தடவை. அக்காவை எடுத்த அன்று அவன் அந்த வண்டியில்தான் சுடுகாட்டுக்கு வந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வளைவில் ஆக்சிலிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இனிமேல் வந்து பார்க்க வேண்டியதில்லை என்று போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. சரியாகச் செய்ததற்கு யார் வேண்டுமானாலும் பாராட்டுவார்கள். தப்பைச் சொன்னதற்காக என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான். அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவர் வந்து பார்ப்பார் என்கிற பயம் இருந்தவரை நான் ஒரு தடவை பார்த்தால் போதுமாயிருந்தது. இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்கிறேன்.