மடியில் இருந்த கல்

கனிம மாதிரியைக் கழுவி, பையிலிட்டு, முத்திரை வைத்துத் தரவேண்டும் என்பது விதி. கனிமத் துறையில் நான் வேலை பார்த்தவரை அப்படித்தான் வாங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தேடி வந்த காளையார்கோவில் பக்கத்து விவசாயி, வியர்வையில் ஊறிய வேட்டி மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, நக்கிப் பார்த்துவிட்டு நீட்டினார். எந்தக் கல்லையும் நக்கிப் பார்ப்பது அவர் வழக்கமாம்.

“கிணத்தை ஆழப்படுத்துனப்ப வந்துச்சுய்யா. உப்புப் பாறை. கத்தரி கருகிருமேன்னு மோட்டாரை நிப்பாட்டிட்டேன்.”

“கடல் வத்துன இடத்துலதான் உப்புப் பாறை படியும். இங்குட்டு ஏது? இது வெறும் வெங்கச்சங்கல், குவார்ட்ஸ். கரிக்கிறது உங்க வேர்வை. கழுவிட்டு நக்குங்க.”

கழுவினார், நக்கினார், யோசித்தார்.

“கழுவுனா உப்புப் போகத்தானய்யா செய்யும்?”

முப்பது வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேறு வழியாகக் கேட்டேன்.

“கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்தீகளா?”

“தேனாத்தான் இருக்கு. ஆனா கல்லு கரிக்குதே. நீங்க வேற ரிட்டயராயிட்டீக. ஆபீஸ் கடுதாசி வரட்டும்.”

மனுவை நானே எழுதி, கல்லோடு அனுப்பினேன். அந்த மனிதர் கோடை முழுக்கக் கண்மாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து கத்தரியைக் காப்பாற்றினார். அந்தப் பிடிவாதத்தை எந்தப் பாறையோடு சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ‘இது உப்பன்று, தாராளமாக நீர் பாய்ச்சலாம்’ என்ற பதில் வந்தது, அடைமழையில் அவர் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்த தீபாவளிக்கு மறுநாள்.