மேசைக்கடியில் ஒரு நீலக் குடை

பெண்கள் மருத்துவமனையின் பதிவு மேசையில் பதினெட்டு வருடமாக இருப்பவளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சந்தேகக்கா. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பாள்; அந்தத் தேதியையும் நம்ப மாட்டாள். "உங்க நிழலையாவது நம்புவீங்களாக்கா?" என்று நர்ஸ் சீண்டினால், "அது ஏன் பின்னாடியே வருதாம்?" என்பாள்.

குணம் சும்மா வந்ததில்லை. கருவைக் கலைக்கப் போன இவள் தங்கையிடம், புருஷன் கையெழுத்து வேண்டும் என்று வேறொரு மருத்துவமனையில் சொல்லி, வீட்டுக்கே போனும் போட்டுவிட்டார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. தங்கை யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கினாள், பிழைக்கவில்லை. அந்த ஆத்திரம் இவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. கருவைக் கலைக்க வந்த ஒரு பெண், வீட்டுக்குத் தெரியாது, போன் பண்ணிவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். டாக்டர் வியாழனன்று வரச் சொன்னார். போகிற பதற்றத்தில் குடையை மறந்துவிட்டாள். அக்கா அதை மேசைக்கடியில் வைத்தாள்.

புதனன்று பழப்பையோடு ஒருவன் வந்து, அவள் பெயரைச் சொன்னான்.

"என் வொய்ஃப் மேடம். நேத்து குடைய இங்க விட்டுட்டாளாம். மழைல நனைஞ்சிடுவா, பாவம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஒளிந்து வந்தவள் புருஷனையா அனுப்புவாள்? அக்கா காலால் குடையை உள்ளே தள்ளினாள்.

"குடையும் இல்ல, அந்தப் பேர்ல யாரும் வரவும் இல்ல."

"புருஷன் கேக்கறேன். என் கையெழுத்து இல்லாம எதுவும் பண்ண முடியாதுல்ல?"

"குடைக்கு எதுக்கு சார் கையெழுத்து?"

அவன் சிரிப்பு வற்றியது. வாசலில் அரைமணி நேரம் நின்றான். போகும்போது பழப்பையை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

வியாழனன்று பத்து மணிக்கு வரவேண்டியவள் பதினொன்றரைக்கும் வரவில்லை. அக்கா வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு முகக்கவசம் போட்ட ஒருத்தி வந்து குடையைக் கேட்டாள். அவன் அனுப்பிய ஆளாக இருந்தால்?

"எப்படி இருக்கும் உங்க குடை?"

"நீலம். ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கும்."

"எப்படி ஒடிஞ்சது?"

"அவர்தான் ஒடிச்சார். என் முதுகுல."

அதற்குமேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. குடையை எடுத்துக் கொடுத்தாள். சம்மதப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள்.

"உன் கையெழுத்து மட்டும் போதும்மா."