பயணிகள் புகார் சொன்னதில்லை

அமரர் ஊர்தி நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஜன்னல் ஓரமாக நடந்துவந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "யாரோ எவரோ, நம்ம வீட்டு மனுஷனுக்காக எப்படி வேண்டிக்கிறார் பாருங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓட்டுநர் முணுமுணுத்தது இது: "இருபத்திரெண்டு எஸ்.எஸ்.எச்., ஐம்பத்திமூணு டி.என்.எஸ்., எண்பது எச்.டி.டி.பி., நானூத்தி நாப்பத்திமூணு அதே எச்.டி.டி.பி., ஆனா பூட்டு போட்டது."

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வாசல்களுக்கு எண்கள் உண்டு. சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறவர் அவற்றை மனப்பாடம் செய்தாக வேண்டும். அந்தத் தேர்வுக்குப் படிக்கும் ஓட்டுநரின் வீட்டில் இரண்டு மகள்கள், ஒரு தொலைக்காட்சி, இரண்டுக்கும் மேல் சத்தம் போடும் ஒரு துணி துவைக்கும் எந்திரம். படிப்பதற்கு அமைதியான இடம் வண்டி ஒன்றுதான். "பின்னாடி இருக்கறவர் தொந்தரவே பண்ண மாட்டார் சார். தப்பா சொன்னாலும் சிரிக்க மாட்டார்."

எனக்கு மேல்வீட்டுக்காரர் அவர். கட்டடத்தில் 'கடைசி சவாரி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. லிஃப்டில் அவர் நின்றிருந்தால், "மேலேயா போறீங்க?" என்று கேட்க எங்கள் எல்லோருக்கும் நாக்கு கூசும்.

நாற்பதைத் தாண்டியவருக்குக் கணினி ஆசையைக் கிளப்பிவிட்டவர் ஒரு துக்கக்காரர். மாமனாரை அடக்கம் செய்ய வந்த இடத்தில், மாமனாரைப் பற்றிப் பேச நல்லதாக எதுவும் அகப்படாததால், மயான வாசலில் ஓட்டுநரிடம் தன் உத்தியோகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். பட்டம் கிட்டம் வேண்டாம், முதலில் அடிப்படைச் சான்றிதழ், அப்புறம் நெட்வொர்க், அப்படியே படி ஏறிக்கொண்டே போகலாம் என்று. அன்று மாலையே நம்மவர் பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டார்.

எதற்கு இந்த வயதில் வேலை மாற்றம், முதுகுவலியா என்று கேட்டேன்.

"அதில்ல சார். இந்தத் தொழில்ல திரும்பி வர்ற கஸ்டமரே கிடையாது. பதினெட்டு வருஷம் ஓட்டிட்டேன். நல்லா ஓட்டினேனா, குலுக்கி எடுத்தேனான்னு ஒருத்தராவது வந்து சொல்லணுமே."

அவர் மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். கணவரின் லட்சியத்தைக் கேட்டு அவர் சொன்னது: "ஏங்க, ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தறதுக்கே பெரியவளைக் கூப்பிடறீங்க. உங்களுக்கு எதுக்கு நெட்வொர்க்கு?"

இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. ஒரு காதில், அதாவது துக்க வீட்டாருக்குத் தெரியாத பக்கத்துக் காதில், ஒரு சின்னக் கருவியைச் செருகிக்கொண்டு போகும் வழியெல்லாம் பாடம் கேட்டார். ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் இறுதி ஊர்வலத்தில் அந்தக் கருவியின் பேட்டரி செத்தது. பாடம் சும்மா நிற்கவில்லை. தானாகவே வண்டியின் ஒலிபெருக்கிக்குத் தாவிவிட்டது. மெல்லிய சோக இசை நின்றுபோய், ஒரு பெண் குரல் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது: "சாதனம் இயங்கவில்லையா? பதற வேண்டாம். ஒருமுறை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்கிப் பாருங்கள்."

ஊர்வலம் நின்றது. மூத்த மகன் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தான். அப்போது முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஆசிரியரின் மனைவி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, நிதானமாகச் சொன்னாராம்: "வேணாம்பா. மறுபடி ஆன் பண்ணிட்டா யாரு பாத்துக்கறது?"

அந்த அம்மாள் சிரித்தார், மகன் சிரிக்கவில்லை. நிறுவனத்துக்குப் புகார் போயிற்று. முதலாளி வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். "மாப்ளே, ஸ்டியரிங்கா பாடமா, ஒண்ணைச் சொல்லு" என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் தானே முடிவு செய்து, வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். தங்கை புருஷன் என்பதால் சீட்டு மட்டும் கிழியவில்லை.

டயர் கழுவிக்கொண்டே தேர்வுக்குப் போனார். தேர்வு மையத்தில் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், சட்டைப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். "நாங்களும் இப்படித்தாம்மா, உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டி வாங்கி வீட்டாளுங்ககிட்ட குடுத்துடுவோம்" என்று கண்காணிப்பாளரிடம் நட்பாகச் சொன்னார். அந்தப் பெண் அதற்கப்புறம் அவர் பக்கமே வரவில்லை.

தேறவில்லை. முடிவு உடனே திரையில் தெரிந்துவிடுகிற தேர்வு அது. வீடு போய்ச் சேரும்வரைகூட நம்பிக்கைக்கு ஆயுள் கிடையாது.

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பாததால், மனைவி கொட்டகைக்குத் தேடிப் போயிருக்கிறார். பார்த்தால், ஊர்தியின் பின்பக்கம், பெட்டி வைக்கும் பலகையில் மனிதர் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார், கண்கள் திறந்தபடி.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"சும்மாதான். மேடு பள்ளம் உள்ள எவ்வளவு தெரியுதுன்னு பாக்கறேன்."

"வண்டி நிக்குது. எந்த மேடு, எந்தப் பள்ளம்? எந்திரிங்க மொதல்ல." எழுந்து உட்கார்ந்தவரின் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, ரிமோட் பேட்டரியைச் சொல்லிக் குத்திக்காட்டிய அதே வாயால் கேட்டாராம்: "அடுத்த தேதி எப்பன்னு கேட்டீங்களா இல்லையா?"

அதன்பிறகு மாதிரிக் கேள்விகளை மனைவி படிக்க, இவர் பதில் சொல்லுவார். எங்கள் வீட்டுக் கூரை வழியே எல்லாம் கேட்கும். "கேபிள் பிரச்சினையா, கார்டு பிரச்சினையா, யோசிச்சு சொல்லுங்க." "கேபிள்." "போன தடவையும் கேபிள்னுதான் சொன்னீங்க." இரண்டாம் முறை தேறினார். கரையைத் தொட்டதோடு சரி, மதிப்பெண்ணைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

சான்றிதழ் வந்ததும் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று பாடத்து விளம்பரம் சொல்லியிருந்தது. வாசலுக்கு வந்ததெல்லாம் நெட்வொர்க் பாடத்தின் விளம்பரம்தான். விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தபின், ஒரு காப்பீட்டு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. ஊழியர்களின் கணினி மக்கர் செய்தால் தொலைபேசியில் வழி சொல்லும் ஹெல்ப் டெஸ்க் வேலை. முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்.

"பதினெட்டு வருஷம் சேவைத் துறை சார். பயணிகள்கிட்டேருந்து ஒரு புகார் கூட வந்ததில்லை."

என்ன சேவை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும், மூவரில் இருவர் மேஜைக்குக் கீழே எதையோ தேடக் குனிந்துவிட்டார்களாம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் அம்மா வேலை கொடுத்தார்.

இந்தச் சொற்சித்திரத்தை எழுதுவதற்காக ஒரு மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே மாதிரி சின்னத் தடுப்புகள், ஒரே மாதிரி திரைகள், ஆளுக்கொரு ஹெட்போன். "டெக்னிக்கலா சுமார்தான்," என்றார் மேற்பார்வையாளர், அவர் காதுபடவே. "ஆனா கத்திக்கிட்டு வர்றவங்க இவர்கிட்ட வந்தா அடங்கிடறாங்க. ஏன்னு தெரியல." கடவுச்சொல்லை மறந்துவிட்டு வாரத்துக்கு மூன்று தடவை கூப்பிடும் ஒரு அதிகாரி உண்டு. அந்த எண்ணைப் பார்த்தாலே மற்றவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. "திரும்ப வந்துட்டார் சார்" என்று என் தொடையில் தட்டினார்.

அடுத்த அழைப்பு வேறு கிளையிலிருந்து ஒரு பெண். பல மாத வேலை ஒரே கணினியில். நகல் எடுத்து வைக்கவில்லை. நேற்று பழுதுபார்க்க வந்த இயந்திரம் பிழைக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியது இவர்.

"உக்காந்திருக்கீங்களாம்மா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டோம். ஹார்ட் டிஸ்க் போயிடுச்சும்மா." சற்று நிறுத்தி, "கஷ்டப்படல. சட்டுன்னு போயிடுச்சு" என்றார்.

மறுமுனையில் அழுகை கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது. அவர் இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில், அழைப்பு எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் எண்கள் சிவப்பாக மாறிச் சிமிட்டத் தொடங்கின. தூரத்தில் மேற்பார்வையாளர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நம்மவர் கையைத் தூக்கி, உள்ளங்கையால் அந்த எண்களை மூடிக்கொண்டார்.