தன் கொடும்பாவிக்குத் தானே கொள்ளி

என் அக்காளின் கணவர் அரசியலுக்கு வந்தது பசைச் சட்டியோடு. அக்காள் காய்ச்சித் தரும் மைதாப் பசையைச் சுமந்துகொண்டு மந்தைவெளிச் சுவர்களில் கூட்ட அறிவிப்பு ஒட்டுவார். வெள்ளைக்காரத் துரைமாரின் கொடும்பாவியை இழுத்துவந்து சிரித்தபடி கொள்ளி வைப்பவரும் அவரே. தடியடியில் முதலில் மண்டை உடைபவரும் அவரே. அந்நாளில் எந்தச் செய்தித்தாளும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

உலகப்போர் முடிந்தபின் எங்கள் வட்டத்துக்கு நகரசபை உறுப்பினரானார். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். பங்கீட்டு வேட்டிகள் கள்ளச்சந்தைக்குப் போயின என்றும், அதில் அவருக்குப் பங்குண்டு என்றும் ஒரு பத்திரிகை எழுதியது. அது மெய்யா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் பிற்பகல், பறையொலியோடு எங்கள் தெருவுக்குள் ஒரு பாடை வந்தது. அதன்மேல் அவரைப்போலவே சட்டையும் குல்லாயும் அணிந்த வைக்கோல் உருவம். பின்னால் பொய் ஒப்பாரி. மாடிகளெங்கும் வேடிக்கை பார்ப்போர். பட்டாணி விற்பவன்கூட வந்துவிட்டான். பாடை தூக்கியவர்களில் பாதிப்பேர் அவரோடு பசை சுமந்தவர்கள்.

"வெளிய போவாதய்யா, கொன்னு போட்ருவானுங்க," என்று அக்காள் கதவை மறித்தாள்.

"நம்ம பசங்கதான். கூடச் சேந்து சிரிச்சா கலைஞ்சி போய்டுவானுங்க."

வெளியே வந்தவரிடம் ஒருவன் பந்தத்தை நீட்டினான். "வா நைனா! உன் பொணத்துக்கு நீயே கொள்ளி வெய்!"

"குடுடா. எல்லாத்துக்கும் நான்தானே வெச்சிக்கினு இருந்தேன்?" என்று சிரித்தபடி வாங்கி, பாடையிலிருந்து இறக்கிய உருவத்துக்குத் தீயிட்டார். பழைய நாள்களில் கூட்டம் கைதட்டியிருக்கும். அன்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"கொள்ளி வெச்சிட்டான்! ஒத்துக்கினான்பா!"

முதல் அடி கொடிக்கம்பால் முகத்தில் விழுந்தது. பற்கள் தெறித்தன. விழுந்தவரின் விலாவில் ஏறி மிதித்தார்கள். பந்தத்தால் முதுகைச் சுட்டார்கள். தடுக்கப் பாய்ந்த என் புருவம் கிழிந்தது. அக்காள் அவர்மேல் கவிழ்ந்தாள். அவள் தோளெலும்பு முறிந்த ஓசை கேட்ட பிறகே கம்புகள் நின்றன.

அவர் வாயில் இரத்தம் குமிழியிட்டது. தெருமுனையில் நின்ற ஜட்காக்காரன் அஞ்சிக் குதிரையை விரட்டிக்கொண்டு ஓடிவிட்டான். வேறு வழியின்றி, அடித்தவர்களிலேயே நால்வர் அவரைப் பாடையில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கென்று தோளில் தூக்கினார்கள். பாடை அசைந்ததும், கூலிக்கு வந்திருந்த பறையடிப்பவர் பழக்கத்தால் அடிக்கத் தொடங்கினார்.

அக்காள் ஓடிச்சென்று அந்தப் பறையை உதைத்துத் தள்ளினாள்.

"நிறுத்துடா! மூச்சு கீதுடா அவருக்கு! இன்னாடா பொணந்தூக்கிக்கினு போற மாதிரி நடக்கிறீங்க? ஓடுங்கடா!"

அவர்கள் ஓடினார்கள்.