சின்னம்மாவின் நாலு போத்தல் தண்ணீர்

என் சின்னம்மாவுக்கு முதல் தடவை கல்லடைப்பு வந்ததற்கு நான் காரணமல்ல. இரண்டாவது தடவை வந்ததில் எனக்குப் பங்குண்டு. இவ்வளவு காலமும் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அப்பா கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் தபால் கந்தோரில் வேலை பார்த்தார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கைக்குக் கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை கிடைத்து, எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான்.

நீண்ட விடுமுறை தொடங்கிய வாரத்தில் அவருக்கு இடுப்பில் வலி கண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கல் என்றார்.

"நாங்கள் மரக்கறிக்காரர், டொக்டர். முட்டைகூட இந்த வீட்டுப் படி ஏறாது," என்றார் அப்பா, நோய் விலாசம் மாறி வந்துவிட்டதைப் போல.

"ஏன், கல்லு மீன்முள்ளிலயோ முளைக்குது?" என்று டாக்டர் சிரித்தார். "பசளிக்கீரையைக் குறையுங்கோ. உப்பைக் குறையுங்கோ. முக்கியமாத் தண்ணி. ஒரு நாளைக்கு நாலு போத்தல் உள்ள போகவேணும்."

அவர் போனதும் அப்பா சின்னம்மாவிடம் சொன்னார்: "இன்னொருக்கா வந்தா உம்மை ஊருக்குத்தான் அனுப்புவன். உங்கட ஐயாவுக்கு என்னால பதில் சொல்லேலாது."

அம்மா கீரையைக் குறைக்கவில்லை, ஒழித்தே விட்டார். பசளியோடு முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வீட்டை விட்டு வெளியேறின. மோர்மிளகாயும் ஊறுகாயும் மட்டும் தப்பிவிட்டன. ஊரிலிருந்து வந்த சாமானில் கெடுதல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கீரையை அளவாகத் தயிரோடு சாப்பிட்டிருக்கலாம், ஊறுகாயைத்தான் விட்டிருக்க வேண்டும் என்று வெகுகாலம் கழித்து ஒரு வைத்தியர் எனக்கு விளக்கினார். அப்போது எனக்கும் அதே நோய் வந்திருந்தது.

தண்ணீருக்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்கள். எனக்கு ஒன்பது வயது. காலையில் ஆறவைத்த தண்ணீரை நாலு போத்தலில் நிரப்பி யன்னலோரம் வைப்பேன். "பொலிஸ்காரன் வாறான்," என்று சின்னம்மா கேலி செய்துகொண்டே குடிப்பார். முதல் சில நாட்கள் நாலும் ஒழுங்காக முடிந்தன.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் பின்வளவின் கோடியில் இருந்தது. கதவிலிருந்து அங்கே போக முப்பது அடி வெட்டவெளி. ஊரில் எல்லா வளவுக்கும் அடைத்த வேலி உண்டு. இங்கே வேலி இல்லை. பக்கத்தில் ஒரு பஸ் கராஜ், எந்நேரமும் ஐந்தாறு ஆட்கள் அதில் இருப்பார்கள். நாலு போத்தல் குடித்தவர் பகலில் ஐந்து தரமாவது அந்த வெளியைக் கடக்க வேண்டியிருந்தது.

கராஜ்காரர்கள் அதைக் கவனிக்க இரண்டு நாள் போதுமாயிருந்தது. சின்னம்மா கதவைத் திறந்தால் ஒருவன், "அடுத்த ட்ரிப் பொறப்படுது," என்பான். இன்னொருவன் கண்டக்டரைப் போல, "ரைட், போகலாம்," என்பான். டிரைவர் ஹோர்ன் ரப்பரை ஒருதரம் அமுக்குவார். எனக்கு அதைவிட வேடிக்கையான விளையாட்டு உலகத்தில் இருக்கவில்லை. நான் கராஜிலேயே கிடந்தேன்.

"தம்பி, இந்தத் தடவை நீ அமுக்குறியா?" என்று ஒருநாள் டிரைவர் கேட்டார்.

என்னைத் தூக்கித் தன் ஆசனத்தில் உட்கார வைத்தார். சின்னம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் பிடித்தபடி, தலை குனிந்து வந்தார். நான் இரண்டு கையாலும் அமுக்கினேன். அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். நான் அவருக்குக் கை காட்டினேன்.

மறுநாள் காலை, ஊரிலிருந்து வந்த எள்ளுப்பாகில் தன் பங்கு முழுவதையும் என் கையில் வைத்தார்.

"எனக்கொரு உதவி செய்வியோ, ராசா? மூண்டு போத்தலை வாழைக்கு ஊத்திவிடு. அத்தான் கேட்டா நான் குடிச்சிட்டன் எண்டு சொல்லு."

"ஏன் சின்னம்மா?"

"தண்ணி கைக்குது."

நம்பினேன். மருந்து கைப்பதைப் போலத்தானே என்று நினைத்தேன். அன்றிலிருந்து சின்னம்மா பகலில் வெளியே வரவில்லை. கராஜ் விளையாட்டு ஏன் நின்றுபோயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. மாலையில் அப்பா, "நாலும் முடிஞ்சுதோ?" என்பார். "ஓம் அப்பா," என்பேன். வாழை நன்றாக வளர்ந்தது.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கையில் வலி மறுபடி வந்தது. சின்னம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அப்பா கதவடியில் நின்று, "நாலு போத்தல் குடிச்சும் வந்தா மனுசர் என்ன செய்யிறது? ஊருக்குத்தான்," என்றார்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாய் திறக்கப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் சின்னம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதாகத் தலையை அசைத்தார். எனக்கு அடி விழாமல் காப்பாற்றுகிறார் என்று நினைத்து நன்றியோடு சும்மா இருந்துவிட்டேன். நான் சொல்லியிருந்தால், ஏன் குடிக்கவில்லை என்ற அடுத்த கேள்வி அவரிடம்தான் போயிருக்கும். அதற்கான பதிலை அக்காவின் புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்தக் காலத்துப் பெண்ணால் முடியாது.

பள்ளிக்கூடத்துக்கு விலகல் கடிதத்தை அவரே நல்ல எழுத்தில் எழுதினார். ரயில் வரும்வரை அக்காவும் தங்கையும் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருதரம் தலையைத் திருப்பி என்னை நெடுநேரம் பார்த்தார்.

ஊரில் சின்னம்மாவுக்குக் கல் மறுபடி வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரின் குணம் என்று அப்பா கந்தோரில் எல்லோருக்கும் சொன்னார். சின்னம்மா அதன்பிறகு எந்த வகுப்பறையிலும் நிற்கவில்லை.

அவர் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்வளவுக்குத் தகர வேலி அடிக்க வேண்டும் என்றார் அம்மா.

"இவ்வளவு நாளும் இல்லாம இப்ப என்னத்துக்கு?"

"அடியுங்கோவன்."

அரை நாள் வேலைதான். கதவிலிருந்து கக்கூஸ் வரை ஆளுயரத்துக்குத் தகரம் நின்றது. பஸ் ஒன்றும் தெரியவில்லை என்று நான் பின்படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னை அதட்டவுமில்லை, தேற்றவுமில்லை. உச்சி வெயிலில் என்னைத் தாண்டி இறங்கி, தகரத்தின் ஓரமாக, அவசரமில்லாமல் நடந்து போனார். பகலில் அவர் அந்தப் பக்கம் போய் நான் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை. அதுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. நான் பஸ்ஸுக்காக அழுதுகொண்டிருந்தேன்.