பெருமாள் கோயில் தெருவில் ஒரு தீப்பெட்டி

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் கோமளவல்லி டீச்சர், இந்தப் பக்கம் நான். அவர் பாடம் நடத்த ஆரம்பித்தால் என் பிள்ளைகளும் காதைத் தட்டிக்குக் கொடுத்துவிடும். என் வாய்ப்பாட்டை ஒன்றும் கவனிக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவருக்குச் சமூகப் பாடம் என்றால் உயிர். நாங்களெல்லாம் அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் நேரத்துக்கென்று ஒதுக்கி வைப்போம். ஒரு பிள்ளையை எழுப்பிப் புத்தகத்தை வாசிக்கவிட்டு நாமும் கொட்டாவி விடலாம் அல்லவா? அவர் காலையில் முதல் மணியிலேயே அதை எடுப்பார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போ என்று பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் அதைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவர் மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

“சொந்த வீடு இருக்கற இடம் தெரியாத குழந்தைக்குத் திருநெல்வேலி மாவட்டம் எப்படித் தெரியும், கிருபை டீச்சர்?” என்பார். நான் சாயர்புரத்துக்காரி. எனக்கு என் வீடும் தெரியும், மாவட்டமும் தெரியும், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னால் தலையாட்டத்தான் தோன்றும். அத்தனை நிச்சயமாகச் சொல்வார்.

அவர் ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர். தகப்பனார் கோயில் மடப்பள்ளியில் இருந்தார். பாஷ்யம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, பெருமாள் கோயில் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தார். பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பாஷ்யம் குமாஸ்தா. புதுத் துறைமுகம் வந்த பிறகு அந்தச் சின்ன ஆபீசுக்கு வேலை குறைந்துகொண்டே போய், ஒருநாள் கதவைச் சாத்திவிட்டார்கள். மனுஷர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் சம்பளம் ஒன்றில் இரண்டு பேரும் அந்தத் தெருவில் நீடிக்க முடியவில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் கோடை விடுமுறையில் சாமானைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கருவாட்டுக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்குப் போனார்கள்.

லைன் வீடு என்றால் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். பின்சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டங்கி. மூட்டை மூட்டையாகக் கருவாடு வந்து இறங்கும், லாரியில் ஏறும். வாடை மட்டும் எங்கேயும் போகாது. முட்டையைக்கூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவர் கோமளவல்லி டீச்சர். அங்கே தூங்கி எழுந்து, அந்தக் குழாயில் குளித்து, அங்கே காய்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவார். புடவை மடிப்புக்குள் காய்ந்த மகிழம்பூவைப் போட்டு வைப்பாராம். அப்படியும் வகுப்பில் யாராவது மூக்கை உறிஞ்சினால் அவருக்கு நெஞ்சு திக்கென்று இருக்குமாம்.

இதெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே கேட்டது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளி விட்டதும் வழக்கம்போல எங்களோடு பெருமாள் கோயில் தெரு முனை வரை வருவார். “வரட்டுமா” என்று சொல்லித் தெருவுக்குள் நுழைவார். அந்தப் பக்கம் வெளியேறி, சந்தையைச் சுற்றிக்கொண்டு கிட்டங்கிச் சந்துக்குப் போயிருக்கிறார், பாவம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புக்கு முதல் பாடம் ‘நம் ஊர்’. டீச்சர் வகுப்பு மூலையில் செங்கல்லைச் சதுரமாக அடுக்கி மணலைக் கொட்டி ஊரையே செய்ய ஆரம்பித்தார். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தெளித்தது கடல். வடக்கேயும் தெற்கேயும் நிஜமான உப்பையே பரப்பி உப்பளம். துறைமுகத்துக்கு ஒரு சங்கு, மாதா கோயிலுக்கு வெள்ளைச் சாக்குக்கட்டி, பெருமாள் கோயிலுக்கு ஒரு புளியங்கொட்டைக் கோபுரம். பிள்ளைகள் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொண்டுவந்து, தாள் ஒட்டிப் பெயர் எழுதி, தங்கள் வீடு இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். எழுத வராத பிள்ளைகளெல்லாம் அந்த ஒரு தீப்பெட்டிக்காகத் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டன. என் வகுப்பு தட்டியின் ஓட்டை வழியாக அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

செண்பகம் என்று ஒரு பிள்ளை. தாய் சண்முகத்தாய் கிட்டங்கியில் கருவாடு தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். டீச்சர் குடிபோன அறைக்கு அடுத்த அறைதான் அவர்கள் வீடு. டீச்சர் அங்கே வந்து இறங்கியதில் அந்தப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் டீச்சர் குடத்தோடு வந்தால் குழாயடியில் இடம் பிடித்து வைத்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காது. சொல்லாதே என்று டீச்சர் சொன்னதில்லை. அதுவாகவே புரிந்துவைத்திருந்தது.

செண்பகம் தன் பெட்டியைக் கிட்டங்கிச் சந்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சந்திலிருந்து வகுப்புக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் வைத்து முடித்ததும் செந்தூர்பாண்டி எழுந்தான். வாய்த்துடுக்கான பையன், மனசில் ஒன்றுமில்லை.

“டீச்சர், ஒங்க வீட்ட வைக்கலியே? ஒங்க வீடு எங்கன இருக்கு?”

பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. ஒருத்தி ஓடிப்போய்த் தீப்பெட்டி கொண்டுவந்தாள். டீச்சர் அதில் ‘கோமளவல்லி’ என்று எழுதி, மணலுக்கு முன்னால் குனிந்தார். கிட்டங்கிச் சந்து கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை பெருமாள் கோயில் தெருவுக்குப் போனது.

“யோசிக்கவே இல்லை, கிருபை டீச்சர். கை தானாப் போயிடுத்து,” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கை தானாகப் போகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நிமிர்ந்தபோது செண்பகம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், செண்பகத்தின் பெட்டி பெருமாள் கோயில் தெருவில் இருந்தது. டீச்சரின் பெட்டியோடு ஒட்டி, ஒரு நூல் இடைவெளி இல்லாமல். நிஜத்தில் எப்படி ஒட்டி இருந்தார்களோ அப்படியே. டீச்சர் வீடு அங்கே என்றால் அடுத்த வீடும் அங்கேதானே இருக்கவேண்டும்? அந்தப் பிள்ளையின் கணக்கில் தப்பே இல்லை.

செந்தூர்பாண்டி கண்டுபிடித்துவிட்டான். “ஏளா, ஒன் வீடு கிட்டங்கிச் சந்துல்லா? டீச்சர், இவ பொய் சொல்லுதா!”

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கு அந்த நிமிஷம் பயம் வந்துவிட்டது. எங்கே அந்தப் பிள்ளை வாயைத் திறந்துவிடுமோ என்று பயம். பயந்த மனுஷருக்குக் குரல் ஏறத்தானே செய்யும்?

“செண்பகம், எழுந்திரு. வரைபடத்துல பொய் சொல்லலாமா? இருக்கற இடத்துலதான் வைக்கணும். முன்னாடி வந்து நின்னு சொல்லு, உன் வீடு எங்க இருக்கு?”

அவள் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லைபோல.

“கேக்கலை. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, சத்தமா.”

“கருவாட்டுக் கிட்டங்கிச் சந்து, டீச்சர்.”

இந்தத் தடவை கேட்டது. தொடர்ந்து பிள்ளைகள் ‘உவ்வே’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்டது. செண்பகம் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டீச்சரின் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சபாஷ், கண்டிப்பான டீச்சர் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் டீச்சர் சந்துக்குள் நுழைந்தபோது செண்பகம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சண்முகத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏளா, டீச்சரம்மா வாராக, மூஞ்சத் திருப்பிட்டு இருக்க? மட்டு மரியாத வேண்டாம்?”

“அது டீச்சர் இல்லம்மா,” என்றாள் பிள்ளை, திரும்பாமலேயே. “டீச்சர் பெருமாள் கோயில் தெருவுல்லா இருக்காக.”

குத்திக்காட்டவில்லை அவள். எட்டு வயசுக்கு அதெல்லாம் தெரியாது. டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள், அவ்வளவுதான். சண்முகத்தாய் ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்க்க, டீச்சர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். பாஷ்யம் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏன்னா, நான் ஒரு குழந்தையைப் பொய்க்காரின்னு நிக்கவச்சுட்டு வந்திருக்கேன்,” என்றாராம்.

பாஷ்யத்துக்கு விவரம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், “என்னாலதானே எல்லாம்,” என்று சுவரில் சாய்ந்துகொண்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. யார் மேலேயாவது பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், அவர்கள் தாமாகவே வந்து ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த நாளே அதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் மணல் ஊரின் புகழ் தலைமையாசிரியர் தேவபிரசாதம் சார் வழியாகக் கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டர் காது வரை போய்விட்டது. ஒருநாள் காலையில் டெபுடியே வந்து நின்றார். சாருக்கு வேட்டி நுனி கையை விட்டு இறங்கவில்லை, அத்தனை பதற்றம். நானும் என் வகுப்பை எழுதவிட்டுவிட்டுத் தட்டி ஓரத்தில் போய் நின்றேன்.

டெபுடி நல்ல மனுஷர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். முன்னால் நின்ற செண்பகத்திடம், “பாப்பா, உன் வீட்டைக் காட்டு,” என்றார். காட்டினாள்.

“பேஷ். உன் வீட்டுக்கு அடுத்த வீட்டுல யார் இருக்காங்க? அவங்க பெட்டியைக் காணோமே?”

செண்பகம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

“அடுத்த வீட்டுல யாரும் இல்ல சார்,” என்றாள் செண்பகம். “பூட்டிக் கிடக்கு.”

பாஷ்யம் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிற வீடு அது. டெபுடி அவள் கன்னத்தைத் தட்டினார். தேவபிரசாதம் சாரிடம் திரும்பி, பாடம் என்றால் இப்படி உள்ளதை உள்ளபடி காட்டித் தொடங்கவேண்டும் என்று பாராட்டினார். சார் முகம் மலர்ந்துபோயிற்று. இரண்டு பேரும் நாலாம் வகுப்புக்குப் போனார்கள்.

டீச்சர் மணலுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். மயக்கம் வருகிறதோ என்று நான் தட்டியை நகர்த்திக்கொண்டு போகப் பார்த்தேன். அவர் தன் தீப்பெட்டியை எடுத்தார். பெருமாள் கோயில் தெருவிலிருந்து சந்தை வழியாகக் கொண்டுபோனார். தினமும் யாருக்கும் தெரியாமல் நடந்துபோகிற அதே வழி.

செண்பகம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் டீச்சர். மூக்கப் பொத்துவானுவ.”

அப்போதுதான் டீச்சருக்கு அழுகை வந்தது. கையை விடுவித்துக்கொண்டு, பெட்டியை அவள் பெட்டியோடு ஒட்டி வைத்தார். பிறகு எழுந்து, அன்றைக்கு அந்தப் பிள்ளையை நிறுத்திவைத்த இடத்தில் போய் நின்றார்.

“பொய் சொன்னது செண்பகம் இல்லை, நான்தான். அன்னிக்கு அவளைக் கேட்டேனே, அந்த மாதிரி என்னைக் கேளு, செண்பகம். என் வீடு எங்க இருக்குன்னு கேளு.”

செண்பகம் கேட்கவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கடைசியில் கேட்பாரில்லாமல் டீச்சரே சொன்னார். அதுவும் தொண்டைக்குள்ளேயே.

“கேக்கல டீச்சர்,” என்றான் பின்வரிசையிலிருந்து செந்தூர்பாண்டி. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.

“கருவாட்டுக் கிட்டங்கிச் சந்து.”

இரண்டாம் தடவை சொன்னது என் வகுப்பின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. செண்பகம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், பொய் சொல்லி அகப்பட்டது அவள்தான் என்பதுபோல.